பிளஸ் ஒன் சேர்ந்த மகளுக்கு டேப்லெட் வாங்கலாமா? தினமும் கையில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்

ஊசிநூல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். சேர்ந்த முதல் வாரமே டேப்லெட் கேட்டாள். அடம் பிடிக்கவில்லை. அம்மா ஃபோனில் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரியை விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்காட்டி, "இப்படித்தான்ப்பா தினமும் படிக்கேன்" என்றாள். கேள்வி ஒரு திரையில் கிடக்கிறது, அதற்கான படம் அடுத்த திரையில் கிடக்கிறது.

சீட்டு எடுத்த பணம் 20 ஆயிரம் இருக்கிறது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு முன்பணமாக வைத்திருந்தது. விற்கிற கடையில் போய்க் கேட்டால் நல்லதை மட்டும்தான் சொல்வார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். கையில் இப்படி ஒரு மெஷினை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். எதில் உதவியது, எதில் காலை வாரியது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் இதுதான் இருக்கும், இப்போதே பழகினால்தான் ஆச்சு என்கிறார்களே, அது உண்மையா?

சிங்கிள்பெல் எழுதியது:

அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் நான் சொல்கிறேன். கண்டக்டராக 19 வருஷம். திருநெல்வேலி பாபநாசம் ரூட்தான் அதிகம் ஓடியிருக்கிறேன், சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை வழி. வேலைக்குச் சேர்ந்தபோது டிக்கெட் கட்டுதான். ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு, ஒவ்வொரு நிறம். ஸ்டேஜ் வந்தால் எந்தக் கட்டு எந்த நம்பரில் நிற்கிறது என்று ஓடுகிற வண்டியில் கம்பியில் சாய்ந்துகொண்டே எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்து செக்கிங் ஏறி, ஒரு நம்பர் தப்பியிருந்தால் பதில் சொல்லி மாளாது. ராத்திரி பணம் கட்டும்போது 40 ரூபாய் குறைந்தால் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகும்.

டிக்கெட் மெஷின் வந்த பிறகு ஏறுகிற இடம், இறங்குகிற இடம், எத்தனை பேர், அவ்வளவுதான். கணக்கை அது வைத்துக்கொள்கிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும், நடைக்கு எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். காலை எட்டு மணிக் கூட்டத்தில் அதைக் கட்டிலிருந்து கிழித்துக் கிழித்துக் கொடுத்தவனுக்குத்தான் மெஷினின் அருமை தெரியும்.

காலை வாரியதும் உண்டு. ஒரு ஆடி அமாவாசை, காரையாறு சொரிமுத்தையனார் கோயில் கூட்டம், வண்டியில் கால் வைக்க இடமில்லை, விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது மெஷின் கண்ணை மூடிவிட்டது. சார்ஜ் இருந்தது, ஆனாலும் உயிர் வரவில்லை. பையில் பழைய கட்டு இருந்ததால் தப்பித்தேன். இன்றைக்கும் அந்தக் கட்டை எடுக்காமல் வண்டியில் ஏற மாட்டேன்.

பழக எத்தனை நாள் ஆனது என்று கேட்டால், இரண்டு நாள். என்னைவிட மூத்தவர்கள், கைபேசியில் பேச மட்டுமே தெரிந்தவர்கள், அவர்களுக்கும் ஒரு வாரம். அதனால் வேலைக்காக இப்போதே பழக வேண்டும் என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள் அண்ணாச்சி.

வெள்ளை_அட்டை எழுதியது:

கண்டக்டர் அண்ணன் சொன்னது சரி. நான் மின்சாரக் கணக்கெடுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போகிறவன். முன்பு ரீடிங்கை நோட்டில் எழுதி, ஆபீஸ் வந்து பதிந்து, அதற்குள் 3 என்று எழுதியது 8 ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு இலக்கம் மாறினால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே மாறும். கையில் மெஷின் வந்த பிறகு, போன தடவை ரீடிங்கைவிடக் குறைவாகப் போட்டால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும், தொகையும் வாசலிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்து வீட்டுக்காரரின் வெள்ளை அட்டையிலும் எழுதிக் கொடுப்பேன். மீட்டர் பெட்டிக்குள் அந்த அட்டை இருக்கிறவரை வீட்டுக்காரருக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. எனக்கும்தான்.

கல்லிடை_அம்மா எழுதியது:

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2020ல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கு ஃபோன் இல்லாமல் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று கம்மலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தேன். நான் அப்பளக் கம்பெனிக்குப் போய்விடுவேன், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். வகுப்பு ஒரு மணி நேரம், மிச்ச நேரம் முழுவதும் துப்பாக்கி விளையாட்டு. ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். பிடுங்கினால் சாப்பிட மாட்டான். பள்ளி திறந்தபோது எழுத்து கோணலாகி, வாய்ப்பாடு மறந்து, உட்காரப் பொறுமையில்லாமல் போயிருந்தான். ஒரு வருஷத்துக்குமேல் ஆனது பழைய நிலைக்குக் கொண்டுவர.

படிப்புக்கு என்று வாங்குகிறோம். அந்தப் பொருளுக்குத் தான் எதற்காக வந்தோம் என்று தெரியாது. நீங்கள் கடையில் இருப்பீர்கள், பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். அந்த ஓவர்லாக் மெஷினை வாங்குங்கள். வருமானம் வந்தால் நல்ல டியூஷன் வைக்கலாம்.

அம்பை_டீச்சர் எழுதியது:

கல்லிடை அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கும் இதேதான் நடந்தது. ஃபோனே இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை உண்டு, அதன் மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருஷத்தை வைத்து இந்தக் கருவியை எடைபோட்டால் நியாயமாக இருக்காது என்று தோன்றுகிறது, ஏனென்றால் அப்போது அதை ஆசிரியருக்குப் பதிலாக வைத்தார்கள். அந்த வேலை அதற்குத் தெரியாது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று செயலியில் பதிய வேண்டியிருந்தது. அதையெல்லாம் சொந்த ஃபோனில்தான் செய்தோம், சொந்த டேட்டாவில். 2024ல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கையடக்கக் கணினி கொடுத்தது, எனக்கும் வந்தது.

எதில் உதவியது என்று ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். "மழை" என்று வாசிக்கச் சொன்னால் "மளை" என்பான். நூறு தடவை நான் சொல்லிக் காட்டியும் அவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் அவன் வாசிப்பதைப் பதிவு செய்து, அடுத்து நான் வாசிப்பதையும் பதிவு செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினேன். முதலில் தன் குரல் என்றே அவன் நம்பவில்லை. மூன்றாவது தடவை கேட்டுவிட்டு என் வாயை உற்றுப் பார்த்தான், நாக்கு எங்கே மடிகிறது என்று. அன்றைக்கு மதியத்துக்குள் "ழ" வந்துவிட்டது. கரும்பலகையால் இதைச் செய்திருக்க முடியாது.

பாடப் புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடும் அப்படித்தான். 2018ல் வந்த புதிய புத்தகங்களிலிருந்து அது இருக்கிறது, திக்ஷா செயலியில் திறந்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். இதயம் சுருங்கி விரிவதை நிற்கிற படத்தில் காட்டுவதற்கும் ஓடுகிற படத்தில் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம். ஆனால் நெட் இல்லாத நாளில் அந்தக் கோடு வெறும் கறுப்புக் கட்டம். வீட்டில் முந்தின ராத்திரியே தரவிறக்கி வைத்துக்கொள்வேன்.

இனி குறையைச் சொல்கிறேன். கருவி ஒன்று, அதில் கேட்கப்படும் விவரங்கள் பத்து. வருகைப்பதிவு, மதிப்பீடு, அந்தப் படிவம், இந்தப் படிவம். சில நாள் ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளை வாசித்து முடித்து என் முகத்தைப் பார்க்கும், என் முகம் கீழே குனிந்திருக்கும். அது என்னை உறுத்துகிறது. செயலியிலும் பதிந்துவிட்டு அதையே பதிவேட்டிலும் எழுது என்று சொல்கிற நாட்களில் இந்தக் கருவி எனக்குக் கூடுதல் நோட்டு ஒன்றுதான்.

அண்ணாச்சி, உங்கள் மகள் பெரிய பிள்ளை, விஷயம் வேறு. ஆனாலும் கணக்கை மட்டும் தாளில் போடச் சொல்லுங்கள். சுவீடன் போல எல்லா வகுப்பிலும் திரையைக் கொண்டுவந்த நாடே 2023ல் அச்சுப் புத்தகங்களுக்கு மறுபடி பணம் ஒதுக்கியது.

பழைய_பாம் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சொந்த ஊர் தென்காசி. சாஃப்ட்வேர் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டேன். கையடக்கக் கணினி என்ற சாமானோடு எனக்கு 1999 முதல் பழக்கம்.

இந்த எண்ணமே குழந்தைகளுக்காகப் பிறந்ததுதான். ஆலன் கே என்ற அமெரிக்கர் 1972ல் டைனாபுக் என்று ஒன்றைத் தாளில் வடிவமைத்தார், நோட்டுப் புத்தகம் மாதிரி, பிள்ளைகள் கையில் எடுத்துப் போகிற கணினி. அப்போது அதைச் செய்யும் தொழில்நுட்பம் இல்லை. 1993ல் ஆப்பிள் நியூட்டன் வந்தது, கையெழுத்தைப் படிக்கும் என்றார்கள், சரியாகப் படிக்கவில்லை, 1998ல் நிறுத்திவிட்டார்கள். 1996ல் வந்த பாம் பைலட்தான் முதலில் ஜெயித்தது. அது நம் கையெழுத்தைப் படிக்க முயலவில்லை. தனக்குப் புரியும்படி எளிமையாக்கிய எழுத்துகளை நாம் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு கிராஃபிட்டி என்று பெயர். ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். சின்ன பேட்டரி இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

நான் செகண்ட் ஹாண்டில் ஒன்று வாங்கினேன். சந்திப்புகள், முகவரிகள், செலவுக் கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அதைப் பெட்டியிலேயே மறந்து வைத்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் பேட்டரி தீர்ந்து உள்ளே இருந்த அத்தனையும் துடைத்துவிட்டது போல இருந்தது. அந்தக் கால நினைவகம் அப்படி, மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. ஆபீஸ் கணினியில் நகல் எடுத்து மாதம் இரண்டாகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் சேர்த்த நம்பர்களில் என் பள்ளித் தோழன் ஒருவனுடையதும் இருந்தது, 20 வருஷம் கழித்துத் தற்செயலாகச் சந்தித்து வாங்கியது. மறுபடி அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டக்டர் தம்பி டிக்கெட் கட்டைப் பையில் வைத்திருப்பது ஏன் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

நம் நாட்டிலும் முயன்றார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைச் செய்தார்கள், 2001ல் உலகமே அதைப் பற்றி எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும், இந்திய மொழிகளில் வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு ஊரே ஒரு கருவியை வைத்து ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு செருகிப் பயன்படுத்த வேண்டும் என்பது எண்ணம். அந்தக் கார்டு யோசனையை இன்றைக்கும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் ஆளுக்கொரு கருவி வாங்க வசதியில்லாத ஊரை நினைத்துச் செய்தது அது. 2004ல் 10 ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்பனைக்கு வந்தது. அந்தக் காசுக்கு மக்கள் செல்ஃபோனைத்தான் வாங்கினார்கள்.

பிறகு 2011 அக்டோபரில் ஆகாஷ், மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த மலிவு டேப்லெட். அரசு கொள்முதல் விலை 2,500 ரூபாய்க்கும் கீழே. 7 அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும். அதிலிருந்த ஆண்ட்ராய்டு 2.2ல் தமிழே ஒழுங்காகத் தெரியாது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒரு மாணவன் கையில் கொடுத்த கருவி அவன் தாய்மொழியை எழுத்துக்கூட்டிக்கூடக் காட்டவில்லை என்றால் அதை வைத்து அவன் எதைப் படிப்பான்? விலை குறைந்தால் போதும் என்று நினைத்தது பெரிய தவறு. இத்தனைக்கும் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005லேயே செல்லினம் என்ற மென்பொருள் மூலம் சாதாரணக் கைபேசியில் தமிழில் எழுத வழி செய்திருந்தார்.

ஆகவே ஊசிநூல் அண்ணாச்சி, விலையைக் கடைசியில் பாருங்கள். திரை 10 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். பேட்டரி போனால் நம் ஊரில் மாற்றித் தர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை நகல் எடுக்க மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், இல்லை அவளிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

கடையநல்லூர்_பிள்ளை எழுதியது:

நான் போன வருஷம் பிளஸ் டூ முடித்தேன், இப்போது பி.எஸ்சி. முதல் வருஷம். அக்காவோட பழைய டேப்லெட்டில்தான் படித்தேன். சிம் போடாதீங்க மாமா, அது ஒன்று போதும். வீட்டில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் நெட் வரும், அப்போது தேவையானதை இறக்கிக்கொள்வேன், அப்புறம் நெட் கிடையாது. நாலு வருஷத்துப் பழைய வினாத்தாளும் அதில் இருந்தது. ஒரே பாடத்தில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடிப் பார்க்க முடிந்தது, அது புத்தகத்தில் முடியாது. விடையை மட்டும் நோட்டில் எழுதித்தான் பழகினேன், பரீட்சையில் கைதானே எழுதணும்.

ஆறுபுள்ளி எழுதியது:

இங்கே எல்லாரும் உதவுமா, கெடுக்குமா என்று பேசுகிறீர்கள். எனக்கு இந்தக் கருவி வருவதற்கு முன், வந்த பின் என்று இரண்டு வாழ்க்கை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தேன். பிரெயில் எழுத உலோகச் சட்டமும் ஊசியும் கொடுப்பார்கள், தாளைச் சட்டத்தில் பூட்டி வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு வர வேண்டும், திருப்பி வைத்து இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். உங்கள் ஒரு பாடப் புத்தகம் எங்களுக்கு மூன்று நான்கு தடித்த புத்தகம். கல்லூரிக்குப் போனபோது பிரெயிலில் புத்தகமே கிடையாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அறைத் தோழனுக்குத் தூக்கம் வந்தால் என் படிப்பு அன்றைக்கு அவ்வளவுதான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி இரண்டு மணி வரை எனக்காக வாசித்தவன் அவன்.

2009 வாக்கில் ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும். இரண்டு வருஷம் கழித்து, விரல் எங்கே இருக்கிறதோ அதையும் சொல்ல ஆரம்பித்தது. தமிழ்க் குரல் நன்றாக வர இன்னும் சில வருஷம் ஆனது. முதன்முதலாக ஒரு தமிழ்ச் சிறுகதையை யார் தயவும் இல்லாமல், வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு வரியை மூன்று தடவை திரும்பக் கேட்டு, நானே படித்து முடித்த ராத்திரி எனக்கு வயது 31. கொக்கிரகுளத்தில் வாடகை அறை, மொட்டை மாடி. அன்றைக்குத் தூங்கவே இல்லை.

இப்போது ஒரு அலுவலகத்தில் எழுத்தர். கடிதம் தட்டச்சு செய்கிறேன், கோப்பு பார்க்கிறேன். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது ரிசர்வ் வங்கி 2020ல் வெளியிட்ட மணி செயலியைத் திறந்து நோட்டைக் கேமரா முன் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லிவிடும், நெட் வேண்டாம்.

காலை வாருவது எது தெரியுமா? சில சுற்றறிக்கைகள் தாளில் அச்சடித்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அனுப்புகிறார்கள். என் கருவிக்கு அது வெறும் படம். வாயைத் திறக்காது. இன்னும் சில பழைய எழுத்துருவில் வரும், அதை வாசித்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2010லேயே ஆணை போட்டாயிற்று. பக்கத்து இருக்கைக்காரரை மறுபடி "கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்று கேட்கிற நிமிஷத்தில் நான் பழைய ஹாஸ்டல் அறைக்குப் போய்விடுகிறேன்.

அம்பை டீச்சர், உங்கள் வகுப்பில் கண் மங்கலான பிள்ளை, வாசிக்கத் திணறுகிற பிள்ளை யாராவது இருந்தால் அந்தக் கருவியை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.

அம்பை_டீச்சர் எழுதியது:

ஆறுபுள்ளி சார், ஒரு பிள்ளை இருக்கிறாள். கண்ணாடி போட்டும் கரும்பலகை தெரியாது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை பாடப் பக்கத்தைப் பெரிதாக்கி அவள் கையில் கொடுக்கிறேன். அந்த டாக்பேக்கை எப்படித் திறப்பது என்று தனியாக எழுதுங்கள்.

பணகுடி_காற்று எழுதியது:

காற்றாலையில் மெயின்டனன்ஸ் வேலை, 11 வருஷம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும், அந்த நாளில் ஒரு காற்றாலை ஒரு மணி நேரம் நின்றாலும் நஷ்டம். முன்பு மேலே ஏறி ஃபால்ட் என்னவென்று பார்த்து, அந்தப் பழுதின் குறியீட்டு நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, 80 மீட்டர் ஏணியில் இறங்கி, ஜீப்பில் இருக்கிற தடித்த மேனுவலைப் புரட்டி, மறுபடி ஏறுவோம். இடுப்பு விட்டுப்போகும். இப்போது டேப்லெட்டைக் கயிறு கட்டிப் பையில் எடுத்துப் போகிறோம், மேனுவல் அதிலேயே இருக்கிறது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் பெயின்ட்டில் கோடு போட்டு, ஃபோட்டோ எடுத்து வைப்போம், ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு நகர்ந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபோட்டோவும் புது ஃபோட்டோவும் பக்கத்தில் பக்கத்தில். இதில் ஒரு உயிரே அடங்கியிருக்கிறது.

ஆனால் வேலைக்கு வருகிற பையன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டேப்லெட் தெரியாத ஒருத்தனையும் நான் இதுவரை பார்க்கவில்லை. என்ன பழுது, என்ன செய்தாய், என்ன பாக்கி என்று நாலு வரி தெளிவாக எழுது என்றால் பத்தில் ஏழு பேர் திணறுகிறார்கள். மேலே ஏறப்போகிற அடுத்த ஷிப்ட் ஆள் அந்த நாலு வரியை நம்பித்தான் ஏறுவான். அண்ணாச்சி, மகளுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் கொடுங்கள், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதப் பழக்குங்கள்.

மருந்துப்பை எழுதியது:

மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு ஊர். வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்த்து ஃபோனில் ஏற்றுவேன், மாத்திரை கொடுப்பேன். யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று அதுவே சொல்லும், ரொம்ப வசதி.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்களுக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஃபோன் முதல் நாள் சாயங்காலமே செத்துவிட்டது. இன்சுலின் போடுகிறவர்கள் யார், மாத்திரை தீர்ந்தவர்கள் யார் என்ற விவரம் முழுவதும் அதற்குள். என்னிடம் ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. செயலி வந்த பிறகும் பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் போய், மூன்று பேருக்கு இன்சுலின் வேண்டும் என்று படகில் வந்தவர்களிடம் பேரும் தெருவும் சொல்ல முடிந்தது அந்த நோட்டால்தான். இப்போது மாதம் முதல் தேதி ஃபோனைப் பார்த்து நோட்டில் பெயர்த்து எழுதுகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்கிறேன்.

கல்லிடை_அம்மா எழுதியது:

ஆறுபுள்ளி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, என் வீட்டில் நடந்தது நடந்ததுதான். ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் என்று மட்டும் திருத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

ஊசிநூல் எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும், முகூர்த்த நாள் நெருக்கம், பிளவுஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒவ்வொருவர் எழுதியதையும் மகளோடு உட்கார்ந்து படித்தேன்.

என் தங்கை மகனிடம் 10 அங்குல டேப்லெட் ஒன்று இருந்தது. வாங்கும் முன் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். சிம் இல்லை. கல்லிடை அக்கா சொன்னபடி மகளைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டேன், பள்ளி விட்டதும் கட்டிங் டேபிளின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று. முதல் இரண்டு நாள் படிப்பு கொஞ்சம், வீடியோ கொஞ்சம் என்றுதான் போனது. மூன்றாம் நாள் ஹாட்ஸ்பாட்டை அவளே நிறுத்தச் சொன்னாள். இயற்பியலில் படம் போட்ட கணக்கு ஒன்று, கேள்வியும் படமும் ஒரே பக்கத்தில் தெரிந்தது, பக்கத்தில் ரஃப் நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் கரண்ட் போனது. மெஷின் நின்றதால் நானும் சும்மா இருந்தேன். அந்தத் திரை வெளிச்சத்திலேயே கணக்கை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

இன்னொன்று நான் எதிர்பாராதது. என்னிடம் அளவு நோட்டு 14 இருக்கிறது, 1998லிருந்து. பழைய ஆள் வந்து "அதே அளவுதான் அண்ணாச்சி" என்று சொன்னால் எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்று தேடுவதற்கே கால் மணி நேரம் போகும். மகள் கடைசி நோட்டை எடுத்து, பேர், தேதி, மார்பு, இடுப்பு, கை, உயரம் என்று அட்டவணை போட்டு 60 பேரை ஏற்றியிருக்கிறாள். நேற்று வி.எம். சத்திரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், பேரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் அளவு வந்து நின்றது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

நோட்டைத் தூக்கிப் போட மாட்டேன், மருந்துப்பை தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு தூக்கிப் போடுவேனா. புது அளவு முதலில் நோட்டில், ராத்திரி கடை அடைக்கும் முன் மகள் அதில் ஏற்றுவாள் என்று பேசிவைத்திருக்கிறோம்.

செகண்ட் ஹாண்டில் 10 அங்குலம் ஒன்று 9 ஆயிரத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள், மிச்சத்தை ஓவர்லாக்குக்கு முன்பணமாகக் கொடுத்துவிடலாம். பழைய_பாம் சார், பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று கடையில் வைத்தே எப்படிப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம், அதற்குள் எழுதிவிடுங்கள்.

பழைய_பாம் எழுதியது:

முதலில் மேஜை மேல் குப்புற வைத்துப் பாருங்கள், ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆடாவிட்டால், வெளிச்சத்தை முழுதாக வைத்து ஏதாவது ஒரு வீடியோவை அரைமணி நேரம் ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். 10க்குள் இருந்தால் எடுக்கலாம். பின்பக்கம் சூடாகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பாடப் பக்கம் ஒன்றையும் அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் பாளையங்கோட்டை வர வேண்டியிருக்கிறது, பதினோரு மணிக்கு என்றால் கடை வாசலுக்கே வந்துவிடுகிறேன்.